பத்ரிநாத்தின் சிமிழ்கள்

பெங்களூர் மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்ரீராம்புரம் பக்கம் இறங்குகிற சாலையில் ஒரு பழைய அபார்ட்மென்ட் இருக்கிறது. அதில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பத்ரிநாத்தைப் பார்த்து, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் முதலில் அவர் காது சிவக்கும். பதில் அப்புறம்தான் வரும். சில சமயம் வராமலே போய்விடும். வெட்கம் அந்தக் குடும்பத்துக்குச் சர்க்கரை வியாதி மாதிரி, பரம்பரையாக வருவது. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் கோப்பு பார்த்தவர். அப்பா மாநில அரசாங்கத்தில் கருவூல அதிகாரி. அந்த வீட்டு ஆண்களின் கையில் பேனாவைத் தவிர வேறு கருவி ஏறியதில்லை. பல்பு போனால்கூட வாட்ச்மேனைத்தான் கூப்பிடுவார்கள். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள், போங்கள்.

பத்ரிநாத் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தார். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். அவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் அவள் கிளம்பும்போது எப்படி இருந்தாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே இருப்பார். எது கேட்டாலும் ஒரு 'ம்'. ரசத்தில் உப்பு போட மறந்த நாளன்றுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். கல்யாணமான நாளாகச் சமையலில் குறை சொல்லியே வந்த மனுஷன் குறை சொல்லாமல் எழுந்து போனதைப் பார்த்து ஜெயலக்ஷ்மி கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்த நிலையில்தான் அலமாரியின் இழுப்பறை ஒன்று கழன்று விழுந்தது. கூப்பிட்ட தச்சர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று போனிலேயே காலத்தை ஓட்டினார். பொறுத்துப் பார்த்த பத்ரிநாத் ஒரு மத்தியானம் போனில் வீடியோ பார்த்து, பசை வாங்கி வந்து, தானே ஒட்டிவிட்டார். இழுப்பறை உள்ளே போனது, வெளியே வந்தது. அதை அவர் எத்தனை முறை இழுத்து மூடினார் என்று கேட்காதீர்கள், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மறு வாரமே எஸ்.பி. ரோடுக்குப் போய் ரம்பமும் உளியும் இழைப்புளியும் வாங்கி வந்தார். துணி துவைக்கிற யூட்டிலிட்டி அவருடைய பட்டறை ஆனது. வாஷிங் மெஷின் மேல் மரத்தூள் படிந்தது. மைசூர் ரோடு மர மண்டியில் துண்டு தேக்கு பொறுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு, பேச்சு, மரத்தைப் பற்றியே பேச்சு. ரசத்தில் புளி தூக்கல் என்றும் ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு ஜெயலக்ஷ்மி சமையலறையில் போய்த் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பலதும் செய்து பார்த்துக் கடைசியில் அவர் கை குங்குமச் சிமிழில் போய் நின்றது. சதுரமாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. மூடியின் அடியில் ஒரு நாக்கு. அது பெட்டியின் வாய்க்குள் இறங்கி உட்காரும். அந்த நாக்கில்தான் அவர் உயிரே இருந்தது. இழைத்து, வைத்துப் பார்த்து, உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து, காற்றுகூட நுழையாதபடி பொருத்துவார். மூடும்போது மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இறங்கும். அடியில் சுட்ட ஆணியால் சின்னதாக ஒரு 'ப' போடுவார். அவர் வாழ்க்கையில் தன் பெயரின் எழுத்தைத் தானே ஒரு பொருளின் மேல் போட்டது அதுதான் முதல் தடவை.

போன வருஷம் நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு வைத்துக்கொடுக்க இந்தச் சிமிழ்களைத் தரலாம் என்று கோடையிலேயே முடிவானது. அவர் செய்து முடிக்க முடிக்க, ஒவ்வொன்றிலும் ஜெயலக்ஷ்மி ஒரு விரலி மஞ்சளை மஞ்சள் நூலில் சுற்றிப் போட்டு அப்போதே மூடிவைத்தாள். நவராத்திரியில் கொலு பார்க்க வந்த அபார்ட்மென்ட் பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஒரு சிமிழ் போனது.

இந்த நவராத்திரி வைத்துக்கொடுக்கும் விஷயத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு ப்ளவுஸ் பிட்டோ, கிண்ணமோ, டப்பாவோ கொடுத்து அனுப்ப வேண்டும். வாங்கியவள் அதைப் பிரித்துப் பார்ப்பாள். பிடித்தால் வைத்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் அலமாரியில் தனியாக ஒரு பை இருக்கும், அதில் போகும். அடுத்த வாரமோ அடுத்த வருஷமோ அந்தப் பையிலிருந்து வேறொருத்திக்குப் போகும். கட்டைப் பிரிக்காமலே ஊரைச் சுற்றி வரும் ப்ளவுஸ் பிட்டுகள் உண்டு. இது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரே ஒரு விதிதான், கொடுத்தவளுக்கே அது திரும்பிப் போய்விடக் கூடாது. அதற்காகவே சில மாமிகள் பையின் மேல் பெயர் எழுதி வைப்பார்கள்.

சிமிழ்கள் போன மறுநாளிலிருந்து பாராட்டு கொட்டியது. லிஃப்டில் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சி பிளாக் ஜகதாம்பாள் மாமி, அந்த அபார்ட்மென்ட்டில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக வந்து கருத்து சொல்கிறவள், ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்.

"பத்ரி, இதை நீ சும்மா குடுக்கறது பாவம்டா. வித்தா ஜனங்க வரிசையில நிப்பா. நான் டெய்லி அதுலேர்ந்துதான் குங்குமம் எடுக்கறேன்."

பத்ரிநாத்தின் காது சிவந்தது. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. விற்கலாமா? இருபத்தைந்து வருஷம் அடுத்தவர்கள் விலையை அடித்துப் பேசிக் குறைத்த மனுஷனுக்குத் தன் பொருளுக்கு ஒரு விலை சொல்ல வாய் வரவில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். அங்கேயே கூசியது. உறவில் ஒருவன், மச்சினன் முறை, இதைக் கேள்விப்பட்டு போனில் சிரித்தான்: தாத்தா திவான் கச்சேரி, பேரன் தச்சுப் பட்டறையா என்று. அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. ஹைதராபாதில் வேலை பார்க்கும் மகள் அம்ருதாதான் விடவில்லை. அப்பா, அபார்ட்மென்ட்டிலேயே ஆரம்பி, தெரிந்தவர்கள்தானே என்று தினமும் சொன்னாள். யோசித்து யோசித்து ஒரு வருஷம் போனது. கோடை முழுக்க உட்கார்ந்து சிமிழ்கள் செய்தார். ஒவ்வொன்றையும் இறுக்கமாக மூடி, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார். கடைசியில் இந்த வருஷம் நவராத்திரி ஆரம்பித்ததும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அவரே எழுதினார். விஜயதசமி அன்று காலை கிளப் ஹவுஸில் மேஜை போட்டு விற்பனை ஆரம்பம், அனைவரும் வரவும். அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு யூட்டிலிட்டிக்குள் போய் நின்றுகொண்டார். கும்பிடுகிற கையும் பூவுமாகப் பதில்கள் வந்து குவிந்தன.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பெங்களூரில் அன்றைக்குப் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், ஸ்கூட்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். பத்ரிநாத் தன் உளி, ரம்பம், இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக் கொலுவுக்கு முன்னால் மனையில் வரிசையாக வைத்திருந்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலை புனர்பூஜை ஆனபின்தான் எடுக்க வேண்டும்.

சாயங்காலம் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நாலாவது மாடி சிந்து. சேலத்துப் பெண், ஐ.டி.யில் வேலை, போன வருஷக் கடைசியில்தான் குடி வந்தாள். இந்த வருஷம் முதல் தடவையாகக் கொலு வைத்திருக்கிறாள். முழங்கால் வலியால் ஜெயலக்ஷ்மி அவள் வீட்டுக்குப் போக முடியவில்லை. வராதவர்களுக்குத் தாம்பூலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், பாவம், மழையில் பையோடு இறங்கி வந்திருந்தாள். பத்ரிநாத் சுண்டல் கிண்ணத்தோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஜெயலக்ஷ்மி பையை வாங்கிக்கொண்டாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம். அதற்கடியில், புது ப்ளவுஸ் பிட்டில் சுற்றி ஒரு சதுரச் சாமான்.

"பிரிச்சுப் பாருங்க ஆன்ட்டி, ஹேண்ட்மேட்" என்றாள் சிந்து ஆசையாக.

துணியை விலக்கியதும் பத்ரிநாத்துக்குத் தெரிந்துவிட்டது. மூடியின் ஓரத்தில், கிளை முளைத்த தடமாக, தேக்கின் கண் ஒன்று, கரும்பழுப்பில், பாதி வெட்டுப்பட்டு. அந்தத் துண்டை வீணாக்க மனம் இல்லாமல் அந்தக் கண் மூடியின் விளிம்பில் வருகிற மாதிரி அறுத்து, இழைத்து, சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிய சிமிழ் அது. அந்த ஒன்றை மட்டும் ஜெயலக்ஷ்மி தனியாக எடுத்து வைத்து ஜகதாம்பாள் மாமிக்குக் கொடுத்தாள்.

எங்கே வாங்கினாய் என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். சிந்துவின் முகம் கொஞ்சம் மாறியது. ஜெயநகரில் ஒரு எக்ஸிபிஷனில் என்று சொன்னாள். அவளுக்கு எந்தக் கை வழியாக வந்ததோ, வேறு என்னதான் சொல்லுவாள்? ஜெயலக்ஷ்மி தப்புக் கணக்கைப் பார்த்தால் விடாத டீச்சர்தான், ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் ரொம்ப நன்றாக இருக்கிறதம்மா என்றாள். பத்ரிநாத் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒரு கடலையைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு ஆன்ட்டி, மூடிதான் தெறக்க மாட்டேங்குது. நானும் என் ஹஸ்பெண்டும் எவ்ளோ ட்ரை பண்ணோம். பரவால்ல, ஷோகேஸ்ல வெச்சா அழகா இருக்கும்" என்ற சிந்துவின் பார்வை கொலுவுக்கு முன்னால் இருந்த மனையில் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது. "அங்கிள், இதெல்லாம் உங்க டூல்ஸா? அப்ப நீங்களே தெறந்து குடுத்துடுங்களேன்."

இன்றைக்குக் கருவிகளைத் தொடக் கூடாது என்று பத்ரிநாத் சொன்னார். சொன்னது அவர் குரல் மாதிரியே இல்லை. சிந்து விடாமல், கையால் முயன்று பாருங்கள் அங்கிள் என்று சிமிழை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் பிடித்து இழுத்தார். வேட்டி நுனியை மூடியின் மேல் சுற்றிக்கொண்டு இழுத்தார். கட்டைவிரல் நகம் மடங்கியது. சிமிழ் அசையவில்லை. தான் செய்த பெட்டியைத் தானே திறக்க முடியாமல், அதைச் செய்தது தான்தான் என்று சொல்லவும் முடியாமல், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் அவருக்கு மூச்சு வாங்கியது. குலுக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. என்னவென்று அவருக்குத் தெரியும். ஜெயலக்ஷ்மி சுற்றிப் போட்ட அதே விரலி மஞ்சள். ஜகதாம்பாள் வீட்டிலிருந்து எத்தனை வீடு சுற்றி வந்ததோ, ஒரு வருஷமாக ஒருத்தரும் அதைத் திறந்ததே இல்லை.

சிந்து போனதும் அவர் படுக்கை அறைக்குப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்தார். செய்தித்தாளைப் பிரித்து ஒரு சிமிழை எடுத்து மூடியைப் பிடித்தார். வரவில்லை. அடுத்ததை எடுத்தார். அதுவும் வரவில்லை. வெயிலில் காய்ந்த மரத்தைக் காற்றுப் புகாமல் பொருத்தினால் மழையில் அது குடித்து உப்பி இறுகும் என்று, பாவி மனுஷன், அவருக்குத் தோன்றவே இல்லை. ஜூனில் ஆரம்பித்து அக்டோபர் வரை நச நசவென்று பெய்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்த இறுக்கத்தைத்தான் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையில் இவற்றைத்தான் மேஜையில் பரப்பி, விலை சொல்லி, தெரிந்தவர்கள் கையில் கொடுக்க இருந்தார். அவர்களும் வாங்கியிருப்பார்கள். ஆகா ஓகோ என்று சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பையில் போட்டிருப்பார்கள். நினைக்க நினைக்க அவர் உடம்பு சுட்டது. வரிசையில் நிற்பார்கள் என்று மாமி சொன்னதை நம்பிக் கண்ணாடி முன் நின்று விலை சொல்லிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. அவர் எழுந்து பூஜை அலமாரிக்குப் போனார். பெருமாள் படத்துக்கு முன்னால், ஜெயலக்ஷ்மிக்கென்று அவர் முதன்முதலாகச் செய்த சிமிழ், வழக்கமான இடத்தில் இருந்தது. தினமும் அதை அங்கே பார்த்திருக்கிறார், பார்த்துப் பூரித்திருக்கிறார். மூடியை இழுத்தார். திறக்கவில்லை. அதை நகர்த்தினார். பின்னால், சிமிழ் மறைக்கிற அளவில், சிவப்பு மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதில் பாதி குங்குமம் தீர்ந்திருந்தது.

பின்னால் ஜெயலக்ஷ்மி வந்து நின்றாள். மறைக்க ஒன்றும் இல்லை.

"எப்பலேர்ந்து?" என்றார் அவர்.

"போன வருஷம் ஆடி மாசத்துலேர்ந்து."

"கொலுவுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சும் ஊருக்கெல்லாம் குடுத்தே?"

"என்னோடது ஒண்ணுதான் அப்படின்னு நினைச்சேன். அப்பறம் எல்லாரும் நன்னாயிருக்கு நன்னாயிருக்குன்னா. நானும் அதையே நினைச்சுண்டேன்." தலையை ஆட்டினாள். "பொய். நான் அப்படி நினைக்கலை. சொல்ல பயமா இருந்தது. சொன்னா நீங்க மறுபடி அந்த ஜன்னல்கிட்டப் போய் உக்காந்துடுவேளோன்னு இருந்தது."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, தன் புருஷனுக்குத் தெரியாமல், திருடி மாதிரி அந்தப் பிளாஸ்டிக் மூடியைச் சத்தம் வராமல் திறந்து நெற்றிக்கு இட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக. அவர் அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கப் பொய் சொன்னது அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டார் என்று வீட்டிலேயே நினைக்கிற அளவுக்குத் தான் இருந்திருக்கிறோமே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. வெட்கமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். ஜெயலக்ஷ்மி எனக்கும்தான் என்றாள். முழங்கால் வலியோடு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாளைக்கு வேண்டாம் என்று ஒரு செய்தி போட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும். பத்ரிநாத் அதைத்தான் முதலில் டைப் அடித்தார். பிறகு அழித்தார். குளிர்ந்துபோன சுண்டலை அவர் எதிரில் வைத்துவிட்டு ஜெயலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: நாளை விற்பனை இல்லை. போன வருஷம் நான் கொடுத்த சிமிழின் மூடி மழையில் இறுகிவிட்டது, அது என் தவறு. யார் வீட்டில் திறக்கவில்லையோ அவர்கள் கிளப் ஹவுஸுக்குக் கொண்டு வந்தால் சரிசெய்து தருகிறேன். இந்தத் தடவை கும்பிடுகிற கையும் பூவும் ஒன்றும் வரவில்லை. படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

விஜயதசமி காலை புனர்பூஜை ஆனதும் பத்ரிநாத் உளியையும் கொட்டாப்புளியையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு கீழே போனார். விற்பனைக்கென்று போட்டிருந்த மேஜையில், விரிப்புகூட இல்லாமல், சந்தனப் பொட்டு வைத்த கருவிகளோடு உட்கார்ந்தார். முதலில் யாரும் வரவில்லை. வாக்கிங் போனவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தாத்தாவின் பெயரை நினைத்து அவருக்குக் கழுத்து வரை சூடு ஏறியது. சும்மா இருக்க முடியாமல், சிந்து கொடுத்த சிமிழை எடுத்து ஓரத்தில் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினார். சுற்றித் தட்டினார். மூடி கழன்றது. உள்ளே மஞ்சள் புழு அரித்துப் பொடியாகிக் கிடந்தது, நூல் மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் நேரே பார்க்கவில்லை. திறக்கிறது, கொஞ்சம் டைட்டாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே நீட்டினார்கள். ஒன்றும் திறக்கவில்லை. சிலர் வெறுங்கையோடு வந்து, சிமிழ் ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறது, வாங்கி வந்து தருகிறேன் என்றார்கள். எந்த அக்கா என்று அவர் கேட்கவில்லை. தட்டித் திறந்து, நாக்கைத் தேய்த்து, இந்தத் தடவை காற்றுப் போகிற அளவு விட்டு, மூடிக் காட்டினார். பழைய மூச்சுச் சத்தம் போய்விட்டது. கொஞ்சம் லொடலொடவென்றுதான் இருந்தது.

ஜகதாம்பாள் மாமி கோயிலுக்குப் போகிற பட்டுப்புடவையில் வந்தாள்.

"என்னோடது பேஷா தெறக்கறது பத்ரி. இப்பகூட அதுலேர்ந்துதான் இட்டுண்டு வரேன். மத்தவாளுக்கு வெச்சுக்கத் தெரியலை."

அவள் கைக்கெதிரே மேஜையில், அந்தத் தேக்குக் கண்ணோடு, மூடி திறந்தபடி அவளுடைய சிமிழ் கிடந்தது. பத்ரிநாத் தடுமாறி, யாரோ சிமிழைச் சுற்றிக் கொண்டுவந்த செய்தித்தாளை இழுத்து அதன் மேல் போட்டார். சந்தோஷம் மாமி என்றார். யாருக்காக மறைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மாமியின் கண் அந்தச் செய்தித்தாள் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசவில்லை. கோயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

சற்றுத் தள்ளி நின்றிருந்த சிந்து இதை முழுவதும் பார்த்துவிட்டாள். மேஜைக்கு வந்து செய்தித்தாளைத் தூக்கினாள். சிமிழைத் திருப்பி அடியிலிருந்த 'ப'வைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"அங்கிள், நான் எக்ஸிபிஷன்ல வாங்கலை" என்றாள்.

"தெரியும்மா. தெறக்கலைன்னு நீ ஒருத்திதான் சொன்னே."

அவள் சிமிழைக் கீழே வைக்கவில்லை. பிறகு அதைத் தனக்கே தரும்படியும் விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். அவர் ஒரு வருஷமாகக் காத்திருந்த கேள்வி அதுதான். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த அந்த எண் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டார். இது ஒரு மழைக்காலம் உன் வீட்டில் இருக்கட்டும், அப்போதும் திறந்தால் வந்து சொல்லு, விலையை அப்போது சொல்கிறேன் என்றார். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. எல்லா மூடிகளையும் பிரித்து மறுபடி தேய்க்கப் பனிக்காலம் முழுக்கப் போனது. மகள் அம்ருதா போனில் அலுத்துக்கொண்டாள். மச்சினன் முறைக்காரன் கேட்டதற்கு, இன்னும் விற்க லாயக்காகவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும்போதும் காது சிவக்கத்தான் செய்தது.

அன்றைக்கு மேஜையை மடக்கிவிட்டு மேலே வந்தவர் நேரே பூஜை அலமாரிக்குப் போனார். ஜெயலக்ஷ்மியின் சிமிழைத் திறந்து, தேய்த்து, குங்குமம் நிரப்பி வைத்தார். சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் துடைத்து யூட்டிலிட்டிக்குக் கொண்டுபோய் அதில் ஆணிகளைப் போட்டுக்கொண்டார்.

ஜூலை வந்தது. மூன்று நாளாக விடாமல் தூறல். காலை வேளை, வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்று பத்ரிநாத்திடம் கரண்ட் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டுப் பூஜை அலமாரிக்குப் போன ஜெயலக்ஷ்மியின் குரல், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.

"ஏன்னா, இது தெறக்கலை!"

எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டைப் பார்த்தார். பத்ரிநாத்தின் காது சிவந்தது, கழுத்தும் சிவந்தது. உள்ளே போய், இதை இவ்வளவு உரக்கவா சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தார். உரக்கத்தான் சொல்வேன் என்று ஜெயலக்ஷ்மி ஈரத்தலையில் துண்டோடு, பொட்டில்லாத நெற்றியோடு, சிமிழை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். உப்புத்தாளை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு யூட்டிலிட்டிக்குப் போனார்.